கூட ஒரு ஆள்

(ஆன்மிகச் சிந்தனையும் நவீன உளவியலும் குறித்து ஓசூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பெங்களூரில் இந்த ஊரின் பெயரைத் தாங்கிய சாலை ஒன்று இருக்கிறது. ஜூஜூவாடி சோதனைச் சாவடியைக் கடந்து, அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு என்று போனால், நகருக்குள் அதற்கு ஓசூர் சாலை என்றே பெயர். அந்தச் சாலையில்தான் நிம்ஹான்ஸ் இருக்கிறது. நம் ஊரார் வாயில் அது நிமான்ஸ். பழைய மைசூர் அரசின் மனநல மருத்துவமனையும் 1954இல் தொடங்கிய அகில இந்திய மனநலக் கழகமும் 1974இல் ஒன்றாகி உருவான நிறுவனம் அது. மனநோய் மருத்துவத்தில் நாட்டுக்கே வழிகாட்டும் இடம், இந்த மேடையிலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில்.

ஆனாலும் ஓசூரிலோ கெலமங்கலத்திலோ தளியிலோ ஒரு வீட்டில் ஒருவருக்கு மனம் கலங்கிப்போனால், முதல் பயணம் அந்தச் சாலையில் தொடங்குவதில்லை. தூக்கம் போய்விட்டது, தனக்குத்தானே பேசுகிறான், யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்கிறான் என்றால், தமிழ் வீட்டில் ‘காத்து கருப்பு’ என்பார்கள். இந்த எல்லையில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிற வீடுகளிலும் காற்று என்று பொருள்படும் சொல்லைத்தான் சொல்கிறார்கள். மூன்று மொழிக்கும் நோய் ஒன்று, பெயரும் ஏறக்குறைய ஒன்று. மந்திரித்து விடுவது, தாயத்து, எலுமிச்சம்பழம், கோயில், தர்கா என்று மாதங்கள் போன பிறகுதான் பெங்களூர்ப் பேருந்து.

அந்தப் பேருந்தில் நோயாளி அநேகமாகத் தனியாக ஏறுவதில்லை. பக்கத்து இருக்கையில் ஒருவர் இருக்கிறார். அம்மாவோ, அண்ணனோ, மனைவியோ, மஞ்சள் பையில் பழைய சீட்டுகளோடும் மாத்திரைகளோடும். கோயிலுக்குப் போனபோதும் இவரே கூடப் போனார். ஆன்மிகத்துக்கும் உளவியலுக்கும் என்ன உறவு என்று உலகம் முழுவதும் புத்தகங்கள் வந்தபடி இருக்கின்றன. இன்றைய பேச்சு அந்தப் பக்கத்து இருக்கைக்காரரிலிருந்து தொடங்குகிறது.

அவரைப் பற்றி ஓர் ஆய்வு இருக்கிறது. நிம்ஹான்ஸில் மனநல மருத்துவப் பேராசிரியராக இருந்த ஆர். ரகுராமும் அவருடைய குழுவினரும் தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற கிராமத்துக் கோயிலை ஆராய்ந்தார்கள். முத்துசாமி கோயில் என்று பெயர். மனம் கலங்கியவர்களைக் கூட்டிவந்து தங்கவைத்தால் தெளியும் என்ற நம்பிக்கை அந்தப் பக்கத்தில் உண்டு. மூன்று மாத காலத்தில் அங்கே வந்து தங்கிய 31 பேரைக் குழுவினர் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் 23 பேருக்கு மனச்சிதைவு, 6 பேருக்குத் திரிபு நம்பிக்கை நோய், 2 பேருக்கு இருதுருவ நோயின் மிகைஎழுச்சி நிலை. எல்லாமே கடுமையான நோய்கள். வந்த நாளிலும் கிளம்புகிற நாளிலும் மனநல மருத்துவர் ஒருவர் ஒரே அளவுகோலால் நோய்க்குறிகளை அளந்தார்.

சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். நோய்க்குறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தன. புதிய மனநோய் மருந்துகள் சில தருகிற பலனுக்கு இது நெருக்கமானது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2002இல் இந்தக் கட்டுரையை வெளியிட்டது பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்.

இதைக் கேட்டதும் ‘பார்த்தீர்களா, சாமி குணமாக்குகிறது’ என்று ஒரு பக்கம் எழுந்து நிற்கும். ‘இதெல்லாம் ஆய்வா’ என்று மறுபக்கம் எழுந்து நிற்கும். இரண்டு பேரும் கொஞ்சம் உட்கார்ந்து கட்டுரையை முழுக்கப் படிக்க வேண்டும். அந்தக் கோயிலில் நோயை விரட்டும் தனிச் சடங்கு ஏதும் கிடையாது. பேயோட்டுவதில்லை, உடுக்கை இல்லை, சாட்டை இல்லை. காலையில் எளிய பூஜை. பிறகு பகலெல்லாம் கோயிலைப் பெருக்குவது, செடிகளுக்குத் தண்ணீர் விடுவது போன்ற சின்ன வேலைகள். தங்குவதற்குக் காசு இல்லை. ஒவ்வொருவருடனும் வீட்டார் ஒருவராவது கூடத் தங்கினார். மிரட்டாத, ஒதுக்காத, நம்பிக்கை தருகிற சூழலே பலன் தந்தது என்பது ஆய்வாளர்களின் முடிவு.

இந்த ஆய்வின் குறைகளையும் மறைக்கக் கூடாது. கோயிலுக்கு வராத 31 பேரோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஆறு வாரத்துக்குப் பிறகு ஊர் திரும்பியவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதை இந்த அளவுகோல் சொல்லாது. 20 சதவீதம் குறைந்தது என்றால் 80 சதவீதம் மிச்சம் இருக்கிறது. ஆனால் மாத்திரைக்குப் பக்கத்தில் வேறு ஏதோ ஒன்றும் வேலை செய்கிறது என்று ஒரு மனநல மருத்துவரே கிராமத்துக் கோயிலின் திண்ணையில் உட்கார்ந்து அளந்து சொன்னது சாதாரணக் காரியமில்லை.

அந்த ‘வேறு ஏதோ’ என்ன என்று இந்த ஆய்வுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கேட்டவர் ஜெரோம் ஃபிராங்க். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவராக இருந்தவர். பூசாரியின் வைத்தியத்தையும், மதச் சமூகங்களின் கூட்டு வழிபாட்டையும், மேல்நாட்டு உளவியல் சிகிச்சையையும் ஒரே மேசையில் வைத்து ஒப்பிட்டு 1961இல் ஒரு நூல் எழுதினார். எல்லாவற்றிலும் பொதுவாக நான்கு கூறுகள் அவருக்குத் தெரிந்தன. நம்பிக்கை வைக்கத்தக்க ஒரு மனிதர். இங்கே வந்தால் சரியாகும் என்று எண்ணவைக்கும் இடம். ‘உனக்கு இதனால்தான் இப்படி ஆகிறது’ என்ற விளக்கம். இருவரும் சேர்ந்து செய்கிற ஒரு செயல்முறை. மருத்துவரின் அறையும் கோயில் மண்டபமும் இந்த நான்கிலும் ஒன்றுபடுகின்றன. மூன்றாவதில், அதாவது விளக்கத்தில்தான், சண்டை வருகிறது.

நம் நாட்டு மருத்துவமும் இதைத் தன் வழியில் கண்டுகொண்டது. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் 1950களில் மருத்துவர் வித்யாசாகர், நோயாளிகளின் குடும்பங்களை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். நமக்கு இன்னும் பக்கத்தில், கிருஷ்ணகிரியிலிருந்து தேசிய நெடுஞ்சாலையிலேயே போய்ச் சேரக்கூடிய வேலூரில், சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம் 1957இல் தொடங்கியது. நோயாளியோடு குடும்பத்தாரும் வந்து தங்கி, சிகிச்சையில் பங்கெடுப்பது அங்கே வழக்கமாயிற்று. மேல்நாடுகளில் மனநோயாளியை வீட்டிலிருந்து பிரித்து மதிலுக்குள் அடைத்துவைத்த காலம் அது. இங்கே, கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்து அம்மா படுத்திருந்தாள். செவிலியர் பற்றாக்குறையும் இதற்கு ஒரு காரணம் என்பது உண்மை. காரணம் எதுவானாலும் பலன் கிடைத்தது.

துணை என்பது எப்போதும் துணையாகவே இருந்துவிடுவதில்லை. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையை இங்கே சொல்லாமல் கடந்துபோக முடியாது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நாடி வந்தவர்களைத் தங்கவைக்கத் தனியார் நடத்திய காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். கூட இருக்க முடியாத குடும்பங்கள் காசு கொடுத்து விட்டுப்போன இடம் அது. ஆள் இருக்க வேண்டிய இடத்தில் சங்கிலி இருந்தது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அந்த வழக்கை எடுத்துக்கொண்டது. இன்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று திட்டவட்டமாகத் தடுக்கிறது. கோயில் ஆனாலும் தர்கா ஆனாலும் காப்பகம் ஆனாலும் சட்டம் ஒன்றே.

ஏர்வாடிக்குப் பிறகு, வழிபாட்டுத் தலங்களை மூடிவிட வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. நல்ல வேளையாக வேறொரு வழியும் திறந்தது. குஜராத்தின் உனாவா என்ற ஊரில் மீரா தாதார் தர்காவில் 2008இல் ‘தவா – துவா’ என்ற திட்டம் தொடங்கியது. மருந்தும் பிரார்த்தனையும் என்று பொருள். துவா செய்யும் முஜாவரே, ‘முதலில் அந்த அறையில் இருக்கும் டாக்டரையும் பார்த்துவிட்டு வா’ என்று அனுப்புவார். நம்பிக்கையைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வா என்று யாரும் சொல்வதில்லை. ஏர்வாடியிலும் பிறகு அதே வழியில் அரசு மனநல மருத்துவ உதவியைக் கொண்டுவந்தது. சந்திரசூடேஸ்வரர் மலையடிவாரத்தில் ஒரு நாற்காலி, ஒரு மேசை, வாரம் ஒரு நாள் ஒரு மனநல மருத்துவர் என்றால் இந்த ஊருக்கு எவ்வளவு நன்மை என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இதுவரை பேசியது துணையைப் பற்றி. ஆன்மிகம் என்றால் துணை மட்டும்தானா, மனத்தை ஆராய அது எதுவும் சொல்லித்தரவில்லையா என்று கேட்கலாம். அதற்குப் பதில், பௌர்ணமிதோறும் நம் ஊர்ப் பேருந்துகள் போகிற பாதையிலேயே இருக்கிறது. கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை.

1896 ஜூலையில் மதுரையில் ஒரு வீட்டு மாடியில் வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையனைத் திடீரென்று மரண பயம் பிடித்தது. உடம்பில் நோய் ஏதுமில்லை. அவன் எழுந்து ஓடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. செத்தவனைப் போலவே நீட்டிப் படுத்து, சாவது எது, சாகாமல் இதைப் பார்த்துக்கொண்டிருப்பது எது என்று உள்ளே கேட்டான். சில வாரங்களில் வீட்டைவிட்டுக் கிளம்பி, செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்தான். உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிந்தது.

ரமணரை நோயாளிப் பட்டியலில் சேர்ப்பது இந்தப் பேச்சின் நோக்கமில்லை. அவர் கண்டது என்ன என்பதை உளவியல் அளந்துவிட முடியாது. ஆனால் அந்தப் பையன் செய்ததில் ஒரு பாதியை இன்றைய மருத்துவம் அடையாளம் கண்டுகொள்ளும். திடீர்ப் பீதியால் அவதிப்படுகிறவர்களுக்கு 1980களில் ஆக்ஸ்போர்டில் டேவிட் கிளார்க்கும் அமெரிக்காவில் டேவிட் பார்லோவும் வடிவமைத்த சிகிச்சையின் மையமே இதுதான். பயத்தைவிட்டு ஓடாதே. நெஞ்சு படபடப்பதை, மூச்சு இறுகுவதை நின்று பார். செத்துவிடுவேன் என்ற எண்ணம் எண்ணம் மட்டுமே என்பதைச் சோதித்து அறி. பயந்த பொருளை நேராகப் பார்க்கும் இந்தப் பயிற்சி, மருந்தில்லாமலே பலரை மீட்டிருக்கிறது.

1901-02 வாக்கில் வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை ரமணரிடம் சில கேள்விகள் கேட்டார். அப்போது அவர் பேசாமல் இருந்த காலம். பதில்களை எழுதிக்காட்டினார். ‘நான் யார்?’ என்ற சிறு நூலாக அது நம் கையில் இருக்கிறது. எண்ணம் எழும்போது அதன் பின்னால் போகாமல், இது யாருக்கு எழுகிறது என்று திரும்பிப் பார்க்கச் சொல்லும் முறை அது. எண்ணத்தை எண்ணமாகப் பார்க்கும் இந்தப் பழக்கம், புத்தர் வழித் தியானத்தின் வாயிலாக மேல்நாட்டு மருத்துவமனைக்குள் போனது. 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-சின் தீராத வலியோடு வந்தவர்களுக்கு எட்டு வாரத் தியானப் பயிற்சி தொடங்கினார். அதைப் பின்பற்றி, மனச்சோர்வு திரும்ப வராமல் தடுக்கும் வகுப்புகள் வந்தன. 2015இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில் 424 பேர். ஒரு பாதியினர் மாத்திரையைத் தொடர்ந்தார்கள். மறுபாதியினர் இந்தப் பயிற்சியோடு மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். இரண்டு ஆண்டில் நோய் திரும்பியவர்கள் முதல் பிரிவில் 47 சதவீதம், இரண்டாவதில் 44 சதவீதம். தியானம் மாத்திரையை வெல்லவில்லை. பக்கத்தில் சமமாக நின்றது. ஆனால் அவர்கள் மருத்துவரின் கண்காணிப்பில், குழுவாக உட்கார்ந்து கற்றவர்கள். தானாக மாத்திரையை நிறுத்திவிட்டு வீடியோ பார்த்துத் தியானம் செய்தவர்கள் இல்லை. 

ரமணரின் கதையில் எல்லோரும் தாண்டிப்போகிற ஒரு பகுதி உண்டு. வந்த புதிதில் அவர் பாதாள லிங்கக் குகையில் உடல் நினைவே இல்லாமல் கிடந்தார். பூச்சிகள் கடித்துத் தொடையெல்லாம் புண். பையன்கள் கல்லெறிந்தார்கள். அங்கே இருந்த இன்னொரு துறவியான சேஷாத்ரி சுவாமிகள் காவலாக வந்தார். சிலர் தூக்கிவந்து வெளியே கிடத்தினார்கள். வாயில் உணவு ஊட்டினார்கள். பிறகு பழனிசுவாமி என்ற அடியவர் சுமார் 20 ஆண்டுகள் அவர் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். தனிமைத் தவம் என்று நாம் சொல்கிற அந்த ஆண்டுகளில் அவர் உண்மையில் தனியாக விடப்படவில்லை. அவர்கள் இல்லாதிருந்தால் நமக்கு ஒரு ரமணர் கிடைத்திருப்பாரா என்பது சந்தேகமே.

உளவியல் மேதை கார்ல் யுங் 1937 டிசம்பரில் இந்தியா வந்தார். கல்கத்தாவில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டின் வெள்ளி விழாவுக்கு அழைப்பு. தெற்கேயும் வந்தார், ஆனால் திருவண்ணாமலைக்குப் போகவில்லை. இந்தியவியல் அறிஞர் ஹைன்ரிஷ் சிம்மர் ரமணரைப் பற்றி எழுதிய நூல் 1944இல் வெளிவந்தபோது, முன்னுரையில் யுங் அதற்கு விளக்கம் சொல்கிறார். திருவனந்தபுரத்தில் ரமணரின் சீடர் ஒருவரைச் சந்தித்தாராம். பள்ளி ஆசிரியர் போன்ற எளிய மனிதர், நிறையப் பிள்ளைகளைச் சோறு போட்டு வளர்க்கிற குடும்பஸ்தர். ஞானத்தையும் குடும்ப பாரத்தையும் ஒரே தோளில் சுமந்த அவரைப் பார்த்ததே தமக்குப் போதும் என்பது யுங்கின் பேச்சு. போகாததற்கு இது சாக்கு என்று சொல்பவர்கள் உண்டு. ஆனாலும் மூன்று ஷிப்ட்டில் உழைக்கும் ஓர் ஊரில் நின்று பார்க்கும்போது அந்தக் குடும்பஸ்தரே நமக்கு நெருக்கமானவராகத் தெரிகிறார்.

அந்த வகையில் இன்னொருவர் இன்னும் நெருக்கமானவர். கூடுவாஞ்சேரியில் 1911இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி. தறியில் உட்கார்ந்தவர், கைத்தறித் தொழில் நடத்திக் கூலியும் கணக்கும் பார்த்தவர். 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். மனவளக்கலை என்று தமிழ்நாட்டின் ஊர் ஊராகப் பரவிய பயிற்சி அவருடையது. அதில் ‘அகத்தாய்வு’ என்று ஒரு பகுதி இருக்கிறது. எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், ‘நான் யார்’ என்பவை அதன் படிகள். இதற்கு வேண்டியது ஒரு நோட்டும் பேனாவும். யார் யார் மேல் எதற்கெல்லாம் கோபம் வருகிறது என்று பட்டியல் எழுத வேண்டும். கவலைகளை எழுதி நான்காகப் பிரிக்க வேண்டும்: அனுபவித்தே தீர வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, பொருட்படுத்தாமல் விட வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை.

சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் இந்தத் தாளை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அப்பா இறந்த துக்கம் முதல் வகை, அதை அழுதுதான் கடக்க வேண்டும். இப்போது பால்வாடி போகும் மகளின் கல்யாணச் செலவு இரண்டாவது. கேன்டீனில் ஒருவன் சொன்ன கிண்டல் மூன்றாவது. வண்டிக் கடன் தவணை இரண்டு மாதம் நிற்கிறது என்பது நான்காவது. நாளைக்கே ஃபைனான்ஸ் அலுவலகத்துக்குப் போய்ப் பேச வேண்டும்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக்கின் சிந்தனைச் சிகிச்சையை அறிந்தவர்களுக்கு இது பழகிய வீடு போலத் தோன்றும். பெக்கும் நோயாளியின் கையில் தாளைக் கொடுத்தார். மனத்தில் ஓடும் எண்ணத்தை எழுது, அதற்கு ஆதாரம் எது, எதிரான ஆதாரம் எது என்று பார். கவலையைத் தள்ளிப்போடுவதற்கும் ஆய்வு உண்டு. 1983இல் தாமஸ் போர்கோவெக் குழுவினர், தீராக் கவலைக்காரர்களை நாளுக்கு அரை மணி நேரம் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் உட்கார்ந்து கவலைப்படச் சொன்னார்கள். மற்ற நேரத்தில் வருகிற கவலையை அந்த அரை மணிக்கு ஒத்திவைக்க வேண்டும். நான்கு வாரத்தில் கவலை கணிசமாகக் குறைந்தது. நெசவாளர் ஒருவரும் அமெரிக்கப் பேராசிரியர்களும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே கருவியைக் கண்டெடுத்திருக்கிறார்கள்.

வேறுபாடும் இருக்கிறது. வேதாத்திரிக்கு அகத்தாய்வு என்பது தன்னை அறியப் போகும் பாதையின் படிக்கட்டு. பெக்குக்கு அதுவே சேர வேண்டிய இடம், நோய் தணிந்தால் வேலை முடிந்தது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது என்ற கவலையைப் பட்டியலில் எந்தப் பத்தியில் போட்டாலும் வேலை நிரந்தரமாகாது. மனத்தைச் சீராக்கும் பயிற்சியைக் கூலிக்குப் பதிலாகக் கொடுக்கலாம் என்று எந்த நிர்வாகமும் நினைத்துவிடக் கூடாது.

நம் சாலையில் இருக்கும் நிம்ஹான்ஸே இத்தகைய பயிற்சிகளைக் கடுமையாகச் சோதித்திருக்கிறது. 2000இல் வெளியான ஆய்வு நினைவில் வைக்க வேண்டியது. கடும் மனச்சோர்வால் உள்நோயாளிகளாகச் சேர்ந்த 45 பேர். 15 பேருக்கு மின் அதிர்வுச் சிகிச்சை, 15 பேருக்கு இமிப்ரமின் மாத்திரை, 15 பேருக்கு சுதர்சனக் கிரியை என்ற மூச்சுப் பயிற்சி. நான்கு வாரத்தில் நோய் தணிந்தவர்கள் முறையே 93, 73, 67 சதவீதம். இந்த ஆய்வுக் குழுவில் மனநல மருத்துவர் பி.என். கங்காதரும் இருந்தார். பின்னாளில் நிம்ஹான்ஸின் இயக்குநரானார், 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். மூச்சுப் பயிற்சி மாத்திரைக்குப் பக்கத்தில் வந்தது என்பதை மட்டும் துண்டறிக்கையில் போடுகிறவர்கள், மின் அதிர்வுச் சிகிச்சை இரண்டையும் விட முந்தியது என்பதை விட்டுவிடுகிறார்கள். சினிமாவில் காட்டும் கொடூரக் காட்சிகளால் இந்த ஊரில் பல குடும்பங்கள் அந்தச் சிகிச்சை என்றாலே ஓடுகின்றன. உயிரைக் காப்பாற்றும் சிகிச்சை அது.

பயிற்சிகள் எல்லோருக்கும் பொருந்துவதும் இல்லை. பத்து நாள் விபாசனா முகாமுக்கு விண்ணப்பிக்கும்போதே மனநோய் இருந்ததா என்று கேட்கிறார்கள், கடுமையான நோய் இருப்பவர்களை எச்சரிக்கிறார்கள். அந்த நேர்மை எல்லா மையங்களிலும் வர வேண்டும். இருதுருவ நோய் உள்ளவருக்கு ஓர் இரவுத் தூக்கம் கெட்டாலே மிகைஎழுச்சி தொடங்கிவிடலாம். சிவராத்திரிக்குக் கண்விழிப்பதும் சரி, ஓவர்டைமுக்கு விழிப்பதும் சரி, மூளைக்கு இரண்டும் ஒன்றே. கீதையும் தூக்கத்தில் அளவு வேண்டும் என்கிறது. வாரம் ஒரு ஷிப்ட் மாறும் தொழிலாளிக்கு அந்த அளவைத் தீர்மானிப்பது மனமல்ல, ஷிப்ட் பட்டியல். மனச்சோர்வில் கிடப்பவரிடம் ‘மனசை அடக்கு, தியானம் பண்ணு, எல்லாம் உன் எண்ணம்தான்’ என்று சொல்வது, காய்ச்சல்காரரைக் குற்றவாளியாக்குவது போன்றது. முற்பிறவிக் கர்மம் என்று சொல்வது அதைவிட மோசம்.

நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயதுவந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை இல்லாமல் இருந்தார்கள். பத்தில் ஒருவர். இந்த அரங்கில் வரிசைக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி இந்த ஊருக்கு வருவோம். 1970களில் சிப்காட் வந்ததிலிருந்து, அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஆலை ஆலையாக வளர்ந்த ஓசூர் இது. தர்மபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்தவர்களோடு, இன்று ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் இளைஞர்கள் ஓர் அறைக்கு ஆறு பேராகத் தங்கியிருக்கிறார்கள். மூன்று பேர் தூங்கும்போது மூன்று பேர் வேலையில். இவர்களில் ஒருவனுக்கு மனம் கலங்கினால், அம்மா ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். மஞ்சள் பையோடு பக்கத்து இருக்கையில் உட்கார யாரும் இல்லை. முத்துசாமி கோயிலானாலும் பாகாயமானாலும் நிம்ஹான்ஸானாலும் எங்கும் முதலில் கேட்பது, ‘கூட யார் வந்திருக்கா?’

சில கைத்தாங்கல்கள் இருக்கின்றன. 2022 அக்டோபர் 10 முதல் நடக்கும் டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண். நாள் முழுக்க இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி உட்பட 20 மொழிகளில் பேசலாம். நைட் ஷிப்ட் முடிந்து விடிகாலை நான்கு மணிக்கும் ஒருவர் எடுப்பார். ஈ.எஸ்.ஐ.யில் நீண்ட நாள் நோய்க்கான கூடுதல் உதவித்தொகைப் பட்டியலில் 34 நோய்கள் உள்ளன. மனச்சிதைவும் கடும் மனச்சோர்வும் அதில் அடங்கும். தகுதி உள்ள தொழிலாளிக்கு இரண்டு ஆண்டு வரை சம்பளத்தில் 80 சதவீதம் கிடைக்கும். பைத்தியம் என்ற பெயர் வந்துவிடுமே என்று பயந்து வேலையை விட்டு ஊருக்கு ஓடுகிறவர்களுக்கு இது தெரிந்தால் போதும், பலர் வேலையை இழக்காமல் குணமாகலாம். கேன்டீன் சுவரில் தமிழிலும் இந்தியிலும் ஒட்டிவைக்க வேண்டிய செய்தி இது.

ஆனால் ஈ.எஸ்.ஐ. நோயாளிக்குத்தான். முதல் ஷிப்ட்டை விட்டுவிட்டு, தூக்கமில்லாமல் பிதற்றும் அறைத்தோழனின் கையைப் பிடித்துக்கொண்டு காலையில் பெங்களூர்ப் பேருந்தில் ஏறுகிறவனுக்கு அன்றைய சம்பளம் போகிறது. ஒரு நாள் போனால் பரவாயில்லை, மாதம் ஒரு நாள் என்றால் அவனாலும் முடியாது. அமிர்தசரஸில் கூடாரம் போட்டதும் வேலாயுதம்பாளையம்புதூரில் காசில்லாமல் தங்கவிட்டதும் கூட இருக்கும் ஆளின் சுமையைக் குறைப்பதற்காகவே. இந்த அரங்கில் தொழிற்சங்கத்தாரும் ஆலைகளின் மனிதவள அதிகாரிகளும் இருக்கிறார்கள். அடுத்த ஊதிய ஒப்பந்தப் பேச்சில், போனஸுக்கும் பஸ்ஸுக்கும் பிறகு, ஒரு வரி சேர்க்கலாம்: சக தொழிலாளியை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறவருக்கு மாதம் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு.